அண்ணைக்குக் கொண்டுபோன குளிசைகள்

நோயாளி யாரென்று தெரியாமல் மருந்து கொண்டுபோனவன் நான். கொண்டுபோய்க் கொடுத்ததோடு நிற்கவில்லை. அந்த நோயாளியின் கையாலேயே மூன்று நாள் புட்டு வாங்கித் தின்று, "இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ" என்றும் கேட்டேன். இதயம் எதை எரித்து ஓடுகிறது என்று அளப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், என் மடைத்தனத்தின் முழு நீள அகலமும் தெரியும்.

தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் மழை ஓயாத ஒரு நகரத்தில், ஓர் ஆய்வுகூடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். எலியின் இதயத்தை வெளியே எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, இளஞ்சூடான உப்புநீரை ஊட்டினால், உடம்பு இல்லாத குறையே தெரியாமல் அது தன்பாட்டில் துடிக்கும். அந்த நீரில் கொஞ்சம் கொழுப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து, எதை எவ்வளவு எரிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். நல்ல இதயம் கொழுப்பைத்தான் கூடுதலாக எரிக்கும், சர்க்கரை தொட்டுக்கொள்ள. களைத்துப்போன இதயத்தில் இந்தப் பந்தி குழம்பிவிடும். சுற்றிவர எண்ணெய் நின்றாலும் எரிக்கத் தெரியாமல் திணறும். இதை எழுதிக்கொடுத்ததற்கு எனக்குக் கலாநிதிப் பட்டம் தந்து, பெயருக்கு முன் டொக்டர் போட்டார்கள். ஊரில் டொக்டர் என்றால் ஒரு பொருள்தான். அதைத் திருத்த நானும் அவசரப்படவில்லை.

ஊரில் இருக்கும் என் அண்ணை மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு நொந்து, ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்து வந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நெஞ்சு வருத்தக்காரர் என்ற பதவி அவருக்கே. வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. அவருக்குக் கடிதம் எழுதப் பஞ்சி, அதாவது சோம்பல். அவருடைய மனைவி, என் மச்சாள்தான் எல்லாம் எழுதுவார். போன வருடம் இப்படி எழுதியிருந்தார்: "இவருக்கு இப்ப சரிஞ்சு படுக்க ஏலாமல் கிடக்கு, மூச்சு முட்டுது. பின்னேரமானால் கால் வீங்குது. கிணத்தடிக்குப் போய் வாறதுக்கிடையிலை ரெண்டு தரம் நிக்கவேண்டிக் கிடக்கு."

அதை மொழிபெயர்த்து, எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் இதய வைத்தியரிடம் காட்டினேன். "உன் அண்ணனின் இதயம் தோற்றுக்கொண்டு வருகிறது. அதனால்தான் உடம்பில் நீர் தேங்குகிறது" என்று சொல்லி, நீரை வற்றச் செய்யும் குளிசை எழுதித் தந்தார். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். "குளிசை வந்து சேர்ந்தது, இவருக்கு நல்ல சுகம்" என்று பதில் வந்தது. பிறகு, குளிசை முடியப் போகிறது என்று இன்னொரு கடிதம். தொண்ணூற்றைந்து பிறந்து, சண்டை கொஞ்ச மாதம் மூச்சு விட்ட நேரம். இந்த முறை நானே கொண்டுபோவதென்று புறப்பட்டேன்.

ஊருக்குப் போகும் களப்பைக் காலையில் வள்ளத்தில் கடந்தோம். தண்ணீர் அசையவில்லை. வானம் எங்கே முடிகிறது, களப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட யாரோ மறந்துவிட்டார்கள். வள்ளம் போகிறதா, கரைதான் நித்திரைத் தூக்கத்தில் எங்களை நோக்கி நடந்து வருகிறதா என்று தெரியவில்லை. குண்டு போடும் விமானம் வருகிறதா என்று ஆட்கள் பழக்கத்தில் இடைக்கிடை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். ஒரு கொக்கு மட்டும் போயிற்று. எல்லோரும் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இருக்கை கொடுப்பதில்தான் கொஞ்சம் பிரச்சினை.

"ஐயா, ஓரத்திலை இருக்காதேங்கோ, நடுவுக்கு வாங்கோ," என்றார் வள்ளக்காரர். "உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருத்த என்னட்டை நாலு பேர் இல்லை."

பக்கத்தில் கூடையில் கோழியோடு இருந்த பெண் சிரித்தார். சிரித்த பிழைக்கு ஈடாக அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, தும்பை இழுத்து, முறித்துத் தந்தார். இங்கிலாந்தில் பதினைந்து வருடமாக ரயிலில் போய் வருகிறேன். ஒரே ஒருமுறை ஒருவர் தான் வாசித்து முடித்த பத்திரிகையை என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

கரையில் எனக்காக நின்றது என்னைவிட வயது கூடிய ஒரு கார். ஓட்டுபவர் தங்கராசா. சண்டை தொடங்கியதிலிருந்து பெற்றோல் ஊருக்குள் வருவதில்லை. ஆனாலும் கார்கள் ஓடின. எப்படியென்று அன்றுதான் பார்த்தேன். மூடியைத் திறந்து, ஒரு மருந்துக் குப்பியிலிருந்து நாலே நாலு சொட்டுப் பெற்றோலை இயந்திரத்தின் வாய்க்குள் விட்டார். பால்குடிப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுப்பதுபோல அவ்வளவு பதம். கார் தும்மியது, உலுப்பியது, எழும்பியது. எழும்பியவுடன் ஒரு குழாயைத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். அடுப்பங்கரை ஒன்றுக்குச் சில்லுப் பூட்டி அதில் ஏறிப் போவதுபோல ஒரு மணம்.

"எழுப்புறதுதான் கஷ்டம்," என்றார். "எழும்பினாப் பிறகு போய்ச்சேரும் வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. ஆறிச்சுதெண்டால் பிறகு மண்ணெண்ணெயிலை எழும்பாது."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. ஏனென்றால் நான் அதற்குள் விரிவுரையைத் தொடங்கிவிட்டேன்.

"நெஞ்சும் உப்பிடித்தான். கிடைக்கிற எண்ணெயிலை ஓடும். கூடுதலாக் கொழுப்பு. அது இல்லாட்டில் சீனி. ரெண்டும் இல்லாட்டில் ஈரல் வேறையொண்டு காய்ச்சிக் குடுக்கும்."

"அப்ப அதுக்கும் புகை வருமோ?"

"புகை வராது. மூச்சிலை தெரியும்."

தங்கராசா கொஞ்ச நேரம் காரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். பிறகு சொன்னார்: "ஒரே கொம்பனி, ஒரே வருசம், ரெண்டு கார் வைச்சிருந்தனான். ஒண்டு மண்ணெண்ணெயைக் கண்டவுடனை குடிச்சுது. மற்றது இருமி இருமியே படுத்திட்டுது. வெளியாலை பாத்தால் ரெண்டும் ஒண்டுதான்."

நல்ல ஆய்வாளன் என்றால் இந்த இடத்தில் குறிப்புப் புத்தகத்தை எடுத்திருப்பான். நான் எடுத்தேன். எடுத்து, அந்த மருந்துக் குப்பியின் படத்தைக் கீறினேன்.

சண்டிலிப்பாயில் அண்ணை வீட்டுப் படலையைத் திறந்தபோது நெஞ்சு வருத்தக்காரரைக் காணவில்லை. "டேய், இஞ்சை மேலை பார்" என்று குரல் வந்தது. அண்ணை ஏணியின் உச்சியில் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, என் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி, மூச்சு வாங்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன மருந்து, என்ன மருந்து என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். கை எட்டவில்லை, அந்த அளவுக்கு உடம்பு.

மச்சாள் வாசலருகே சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழும்ப ஒரு கணம் எடுத்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு நிகரான பருமன் அவர் ஒருவர்தான். "தம்பி, இன்னும் கொஞ்சம் ஊதிப்போனியள்," என்றார். "நீங்கள் மட்டும் என்னவாம்," என்றேன், குளிசைப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தபடி. பக்கத்து வளவில் புகையிலை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. அன்று பின்னேரமே இரண்டு பேரும் ஏறிப் பார்த்தோம். முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. தோட்டக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார், ஒரு பிழையும் இல்லை.

இதில் ஒன்று கவனித்தேன். என் வயிற்றைப் பார்த்த ஊர்ச்சனம், "வெளிநாட்டு வாழ்வு, பாக்கத் தெரியுது" என்றார்கள். மச்சாளைப் பார்த்து, "கொஞ்சம் உடம்பைக் குறைச்சால் எல்லாம் சரி வரும்" என்றார்கள். எல்லாம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. அவர் கோப்பையில் போட்டுக்கொண்ட புட்டு ஒரு கைப்பிடிதான். என் கோப்பையில் அரைக் குழல். அதையும் கவனித்தேன், பெண்கள் சமைத்துச் சமைத்தே வயிறு நிறைந்துவிடுவார்கள் என்று விளக்கமும் வைத்திருந்தேன். எனக்கு எதற்கும் விளக்கம் உண்டு.

அடுத்த நாள் காலையில் படலையடியில் சைக்கிள் வரிசை. இதய டொக்டர் லண்டனிலிருந்து வந்திருக்கிறாராம். என்னிடம் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய்கூட இல்லை. எலிக்கு அது தேவைப்படுவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், கூடவே மனைவிமார். ஆண் கதிரையில் இருப்பார், மனைவி பின்னால் நிற்பார். "என்ன செய்யுது?" என்று கேட்டால் ஆண் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார். எங்கே நோகிறது, எத்தனை நாளாக, எந்தக் கறி சாப்பிட்டால் கூடுகிறது, எல்லாம் மனைவி சொல்வார். நோ அவருக்கு, விபரம் இவருக்கு. இங்கிலாந்தில் கணவனின் நோயைப் பற்றி மனைவியிடம் கேட்டால் சட்டத்தரணியைத் தேடுவார்கள்.

புறப்பட்டுப் போன ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு ஒண்டும் இல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, எனக்கு வேலை கிடக்கு," என்றார்.

எல்லோருக்கும் ஒரே அறிவுரைதான் சொன்னேன்: ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அது தெரிந்துதானே உங்களிடம் வந்தோம் என்ற முகத்தோடு போனார்கள்.

மூன்றாம் நாள் மச்சாள் என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீர்வேலி வாழைக்குலை வரும், நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும், உங்கள் அண்ணையை விட்டால் காயை வாங்கிக்கொண்டு வருவார் என்றார். சைக்கிள் ஒன்று எனக்குத் தந்தார்கள். ஏறி இருந்தேன், பின்சில்லு நீண்ட பெருமூச்சு விட்டுப் படுத்தது. ஆகவே நடந்தோம்.

அந்த நடையை நான் மறக்கமாட்டேன். ஊரில் இயந்திரச் சத்தமே இல்லை. சைக்கிள் மணியும் காகமும் தூரத்தில் யாரோ உடுப்புத் தப்பும் ஒலியும். வெயில் புகையிலை இலைகளில் பால்போலப் படிந்திருந்தது. கிடுகு வேலிகளின் நிழல் ஒழுங்கை முழுவதும் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. மச்சாளைப்போல ரசித்து நடப்பவரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்றார். நின்று, வேலிக்கு மேலால் எட்டி, "தம்பி, உந்தக் கத்தரியைப் பாருங்கோ, என்ன வடிவாப் பூத்திருக்கு," என்றார். அடுத்த இருபது அடியில் ஒரு கன்றுக்குட்டி. அதற்கு அடுத்ததில் மின்கம்பம். மின்சாரம் இல்லாத கம்பத்தில் ஒரு கொடி உச்சிவரை ஏறிப் பூத்திருந்தது. கையை மார்பில் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு செம்பரத்தைக்கு மட்டும் இரண்டு நிமிடம்.

இங்கிலாந்தில் ஆட்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போலவே வாழ்நாள் முழுவதும் நடப்பார்கள். இங்கே ஒரு பெண் வாழைப்பழம் வாங்கப் போகும் வழியில் உலகத்தையே பார்த்து முடிக்கிறார். எனக்கு மயக்கமாக இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவர் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக எழுதினேன்: கத்தரி, கன்று, கொடி, செம்பரத்தை, பழைய கிணற்றுத் துலா, ஒன்றுமில்லாத ஒரு மதில். அழகை ரசிக்கும் மனம் என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். மதிலில் என்ன அழகு என்று கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள், அண்ணைக்கு நெஞ்சுப் படம் ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது என்று நான்தான் சொன்னேன். என் குளிசைகளின் வெற்றியைக் கருவியின் வாயால் கேட்க ஆசை. அண்ணைக்கு விருப்பமில்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையடா," என்றார். நெஞ்சு வருத்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். மச்சாளும் வெளிக்கிட்டார். விபரம் சொல்ல ஆள் வேண்டுமே.

தங்கராசாவின் கார் வந்தது. எனக்கு முன் இருக்கை. அதில்தான் நான் அடங்குவேன். அண்ணையும் மச்சாளும் பின்னால். பாதிவழியில் ஒரு பிள்ளையார் கோயில். தங்கராசா வாசலில் காரை விட்டுவிட்டு, ஓடும் இயந்திரத்தை ஓடவிட்டபடியே, திருநீறு பூச இறங்கிப் போனார். ஐயரோடு கதைபட்டு நின்றுவிட்டார். கார் தன்பாட்டில் நடுங்கிக்கொண்டு புகை விட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. எவ்வளவு அருமையான எண்ணெய், இப்படிச் சும்மா எரிகிறதே. இங்கிலாந்தில் கார் நின்றால் கை தானாகவே சாவிக்குப் போகும். என் கை போயிற்று.

என்ன அமைதி. தென்னோலை ஒன்று மற்றதோடு உரசும் சத்தம் கேட்டது. தோட்டத்துக்கு மேலாகத் தும்பிகள் மிதந்தன. நான் கண்ணை மூடி, எவ்வளவு நேரமென்று தெரியாது, வெயிலுக்குள் மெல்ல அமிழ்ந்து போனேன்.

"ஆர் நிப்பாட்டினது?"

தங்கராசா ஜன்னலடியில் நின்றார். அண்ணை என் பக்கம் தாடையை ஆட்டினார்.

"எண்ணெய் வீணாப் போகுதே எண்டு," என்றேன்.

"அது வீணாப் போகேல்லை தம்பி. உயிரோடை இருந்தது."

குப்பியில் திரும்பி வருவதற்கென்று வைத்திருந்த நாலு சொட்டை விட்டுப் பார்த்தார். தும்மல் மட்டும் வந்தது. இனித் தள்ளித்தான் எழுப்ப வேண்டும். அண்ணையும் நானும், வழியில் வந்த இரண்டு சைக்கிள்காரர்களும் கை வைத்தோம். பாரம் குறையட்டும் என்று மச்சாள் இறங்கிப் பின்னால் நடந்து வந்தார். மதகடி வரைக்கும் தள்ளியிருப்போம். கார் எழும்பியது. நான் விழுந்தேன்.

மதகில் இருத்தினார்கள். சனம் கூடிவிட்டது. "பாவம், வெளிநாட்டு ஆள், பழக்கமில்லை" என்று ஒருவர் துவாயால் விசிறினார். எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணை என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அவருக்கு வேர்க்கவும் இல்லை. நான் இரண்டு மிடறு குடித்தேன். மூன்றாவது மிடறில் மூச்சு சீராகிவிட்டது. நாலாவதில் பகிடி விடவும் தொடங்கிவிட்டேன்.

பகிடிக்கு மச்சாளின் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பின்னால், கொஞ்சத் தூரத்தில், வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். வழக்கம்போல வேலிக்கு மேலால் எதையோ ரசித்துக்கொண்டு. எழும்பி அவரிடம் போனேன். வேலிக்கு அப்பால் பார்த்தேன். உழுது போட்ட வெறும் நிலம். ஒரு செடி இல்லை, ஒரு பூ இல்லை, ஒரு காகம்கூட இல்லை. அவருடைய தோள்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. செருப்புவார் அவருடைய பாதத்தில் வாய்க்கால்போல இறங்கியிருந்தது.

"மச்சாள், ஏலாமல் கிடக்கோ?"

"எனக்கென்ன," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு மூச்சு. "நீங்கள்… உவரைப் பாருங்கோ."

தராசின் முள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் நின்றது. ஒரே தெரு, ஒரே வெயில். தள்ளியவன் நான், அவர் சும்மா நடந்தவர். எனக்கு மூன்று மிடறில் திரும்பிய மூச்சு அவருக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை திரும்பவில்லை. அந்த மிச்ச வழியில் நான் விரிவுரை எதுவும் செய்யவில்லை. பின்னாலிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். தங்கராசாவும் அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

பார்த்தவர் ஒரு பெண் டொக்டர். என்னைவிட இளையவர், தலைமுடி மட்டும் முந்திக்கொண்டு நரைத்திருந்தது. அண்ணை நோயாளியின் கதிரையில் இருந்தார். மச்சாள் பின்னால், கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுது?" என்றார் டொக்டர்.

அண்ணை திரும்பி மச்சாளின் முகத்தைப் பார்த்தார்.

"இவருக்கு… சரிஞ்சு படுக்க ஏலாது," என்றார் மச்சாள். "மூச்சு முட்டும். கதிரையிலை இருந்துதான்… நித்திரை. பின்னேரம் கால் வீங்கும். கிணத்தடிக்குப் போய் வாறதுக்குள்ளை… ரெண்டு தரம் நிக்கவேணும்."

என் மேசை லாச்சியில் இருக்கும் கடிதம். ஒரு சொல் மாறவில்லை.

அண்ணை இன்னும் மச்சாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கோ?" என்றார். "நான் குப்புறப் படுக்கிறனானப்பா."

டொக்டர் அண்ணையைப் பார்க்கவே இல்லை. கதிரைக்குப் பின்னால் தெரிந்த பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் எழும்புங்கோ ஐயா," என்றார் மெதுவாக. "அம்மா, நீங்கள் வந்து இதிலை இருங்கோ."

மச்சாள் இருக்க மாட்டேன் என்றார். அண்ணை எழும்பி, அவருடைய இரண்டு தோளையும் பிடித்து இருத்தினார்.

நான் அனுப்பிய குளிசையைப் பற்றிச் சொன்னேன். அதில் எத்தனை போட்டீர்கள் என்று டொக்டர் கேட்க, மச்சாள் கைப்பையிலிருந்து சின்னத் தகரப் பேணி ஒன்றை எடுத்தார். உள்ளே முழுக்கப் பாதிக் குளிசைகள். "நாளுக்குப் பாதி," என்றார். "மற்றப் பாதி, இவருக்கு ஒரு நேரம் தேவைப்பட்டாலும் எண்டு வைச்சிருக்கிறன்."

அண்ணை அந்தப் பேணியை வாங்கி மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப மூடிக்கொண்டே இருந்தார்.

மச்சாளுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தில் நுரையீரலின் அடியில் நீர் தெரிந்தது. மச்சாளை வார்ட்டில் சேர்த்தார்கள். வெளியே விறாந்தையில் டொக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இதயத்திலை ஆராய்ச்சியாம். ஒண்டு கேக்கவேணும். பொம்பிளையின்ரை நெஞ்சு எரிக்கிறதும் ஆம்பிளையின்ரை நெஞ்சு எரிக்கிறதும் ஒண்டோ? அதுவும் இப்பிடி உடம்பு பெருத்தவைக்கு?"

"தெரியாது," என்றேன்.

"ஏன் தெரியாது?"

"எங்கடை எலியள் எல்லாம் கடுவன். பெட்டை எலிக்கு நாலைஞ்சு நாளைக்கொருக்கால் உடம்பு மாறும், கணக்குக் குழம்பும் எண்டு எடுக்கிறேல்லை."

"கொழுத்த எலி?"

"அதுகளையும் ஒதுக்கிவிடுவம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஒரு குறிப்பைச் சரிபார்ப்பவர்போல. "அப்ப உங்களுக்கு இவவைத் தெரிய நியாயமில்லை," என்றார். "ஆனால் இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தால், நீங்கள் வேறை காரியத்துக்குத்தான் வந்திருப்பியள்."

அன்று பின்னேரம் வார்ட்டுக்கு வெளியே ஒரு மர வாங்கில் இருந்தேன். வெயில் சாய்ந்து, முற்றத்து வேம்பு முழுவதும் மஞ்சளாகியிருந்தது. பூச்சிகள் ஒளிக்குள் ஏறி இறங்கின. உள்ளே ஒரு பெண்ணின் இதயம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது எதை எரிக்கிறது என்று யோசித்தேன். கொழுப்பை எரிக்க மூச்சுக்காற்று கூடுதலாகத் தேவை, அது தெரியும். உடம்பு பெருத்தால் இரத்தத்தில் கொழுப்பு வெள்ளமாக வரும், அதுவும் தெரியும். பெண்ணின் இதயத்துக்கு இயல்பிலேயே கொழுப்பில் பிரியம் கூடவாக இருந்தால்? வெள்ளத்தின் நடுவில் நின்று, குடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருக்குமோ? அல்லது அதற்கென்று வேறு ஒரு சாமர்த்தியம் இருக்குமோ, இவ்வளவு நாளும் பாதிக் குளிசையில் சமைத்து, சந்தைக்குப் போய், வேலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றதே, அந்தச் சாமர்த்தியம்? ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து வருடமாக நான் எழுதிய அத்தனை எண்ணும் ஏதோவொரு மெலிந்த கடுவன் எலியுடையது. கண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டம் வெள்ளெலிகள் மஞ்சள் வெயிலுக்குள் நடந்து போயின. எல்லாம் வாலிபர்கள்; ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துத் தலை அசைத்தது. விழித்துப் பார்த்தபோது, அண்ணை பக்கத்தில் இருந்தார். மடியில் மச்சாளின் செருப்பு.

"மிஸ்ஸி உள்ளை கொண்டுபோக வேண்டாம் எண்டவ," என்றார். தாதி தடுத்தது செருப்பைத்தான். பிறகு செருப்பின் மண்ணைத் தட்டிவிட்டு, "காத்து வரும் எண்டுதான் கதிரையிலை படுக்கிறன் எண்டு சொன்னவள்," என்றார்.

மூன்று நாளில் நீர் நன்றாக இறங்கியது. முதல் நாள் கட்டில் தலைமாட்டில் தலையணை மூன்று, அடுத்த நாள் இரண்டு, பிறகு ஒன்று. அந்த ஒன்றில் தலை வைத்து, மல்லாந்து, மச்சாள் மத்தியானம் முழுவதும் நித்திரை கொண்டார். பக்கத்துக் கட்டில் பெண், "இவ்வளவு குறட்டையை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தவ," என்று கேட்டார். மருந்து இனி விடாமல் போட வேண்டும், முழுக் குளிசை, தன் பெயரில். டொக்டர் சீட்டில் பெயரை எழுதி, அதை அண்ணையிடம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அண்ணை வாசித்தார். ஒவ்வொரு மாதமும் கூட்டி வருவதும் விபரம் சொல்வதும் இனி அவர் பொறுப்பு. விபரம் எழுதி வைக்க என் குறிப்புப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நான் திரும்பும் நாள் வந்தது. விடைபெறப் போனபோது மச்சாள் கட்டிலில் எழும்பி இருந்து, நேர்த்தியாகத் தலை வாரி இழுத்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கால்கள் மெலிந்து, விரல்களின் கணுக்கள் தெரிந்தன. கேட்காமல் போகக்கூடாது என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, அது தாங்குமோ என்று பார்த்து இருந்தேன்.

"மச்சாள், அந்தக் கடிதத்தை உங்களுக்கெண்டே எழுதியிருக்கலாமே. ஏன் அண்ணைக்கெண்டு எழுதினியள்?"

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை என் கையில் தந்தார்.

"எனக்கெண்டு எழுதியிருந்தால், சோத்தைக் குறை எண்டுதானே எழுதியிருப்பியள்."